இயந்திரம் மார்கழியில் வந்தது: வன்னியில் சுயதொழில் உதவி தேடிய அனுபவம்

இலங்கையில் வேலை இழந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை மாதாந்தம் ஏதாவது கொடுக்கும் ஏற்பாடு அரசாங்கத்திடம் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சீமெந்து விலையும் இரும்பு விலையும் ஏறி, நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கட்டட ஒப்பந்த நிறுவனம் கிளிநொச்சிக் கிளையை மூடியபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக உறைத்தது. வீட்டில் அம்மாவும் படிக்கின்ற தம்பியும் இருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வேறு வேலை தேடுவதற்குப் பேருந்தில் போய்வரும் செலவே தாங்க முடியாததாக இருந்தது. ஆகவே, எங்கள் ஊரில் கிடைக்கும் நெல்லை வைத்து வறுத்த சிவப்பு அரிசிமாவும் குரக்கன் மாவும் மிளகாய்த்தூளும் செய்து விற்பது என்று முடிவெடுத்தேன். அதற்கு அரச உதவி கிடைக்கும் என்று பலரும் சொன்னார்கள். கிடைத்தது என்பதும் உண்மைதான். ஆனால் அது எப்போது, எந்த வடிவில், என்னென்ன நிபந்தனைகளோடு வரும் என்பதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஓராண்டும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாவும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கைமுதலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உதவி கேட்டுப் போகும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது "உங்களிட்ட என்ன இருக்கு?" என்பதுதான். தனியார் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. தொழில்தருநர் மாதந்தோறும் சம்பளத்தில் 3 சதவீதத்தை அதில் உங்கள் பெயரில் இட்டிருக்க வேண்டும், அதை ஐந்தாண்டுக்கு ஒரு தடவை மீளப் பெறலாம். இவற்றைத் தவிர, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு. நான் கணக்குப் பகுதியில் இருந்ததால் இவை எனக்குத் தெரிந்திருந்தன. என்னோடு வேலை இழந்த மேசன்மாரில் சிலருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை, நிறுவனமும் வலிந்து சொல்லவில்லை. நம்பிக்கை நிதியிலிருந்தும் பணிக்கொடையிலிருந்தும் எனக்கு ஏறத்தாழ 190,000 ரூபா கிடைத்தது. நான் எந்தத் திட்டத்தின் கீழும் பெற்ற உதவியைவிட என்னைக் காப்பாற்றியது அந்தப் பணந்தான். வேலை முடியும் நாளிலேயே சேவைச் சான்றிதழையும் உறுப்பினர் இலக்கத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய அலுவலகத்தின் முத்திரையைத் தேடி அலைவது வேலை தேடி அலைவதைவிடக் கடினமானது.

அடுத்து அலுவலகங்கள். சுயதொழிலுக்கான உதவி என்று ஒரே கதவு எங்கேயும் கிடையாது. பிரதேச செயலகத்துக்குள்ளேயே சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்துக்கு இன்னொருவர், சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை தரும் விதாதா வள நிலையத்துக்கு வேறொருவர், சமுர்த்திக்கும் மகளிர் அபிவிருத்திக்கும் தனித்தனி மேசைகள். வெளியே தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபை, கைத்தொழில் அபிவிருத்திச் சபை, மாகாணத் தொழிற்துறைத் திணைக்களம் ஆகியன இருக்கின்றன. ஒருவருடைய திட்டம் மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனக்குக் கிடைத்த உதவியைப் பற்றிய அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்த பலகைக்கு அருகிலேயே அமர்ந்திருந்த ஓர் உத்தியோகத்தர், அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அது அவருடைய திணைக்களத்தின் அறிவித்தல் அல்ல, அவ்வளவுதான். ஆகவே "ஏதாவது உதவி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு மேசையிலும் பயிற்சி, கடன், உபகரணம், சந்தை வாய்ப்பு ஆகிய நான்கையும் பிரித்துக் கேட்டு, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்களுடைய பதிவேட்டில் எழுதுவித்துவிட்டு வர வேண்டும். கிராம அலுவலரிடமும் தொழிலற்றவர், சுயதொழில் செய்ய விரும்புபவர் என்று பதிந்து வைப்பது நல்லது, ஏனெனில் பட்டியல் அவசரமாகக் கேட்கப்படும்போது அவர் தம் நினைவில் உள்ளவர்களைத்தான் எழுதி அனுப்புவார்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. பதிந்தால் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும கொடுப்பனவு நின்றுவிடும், வரிகாரர் வந்துவிடுவார் என்று நல்ல தொழில் செய்யும் பல பெண்கள் பதியாமலே இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், மாதம் உறுதியாக வரும் சிறு தொகையை விட்டு வராத பெருந்தொகைக்கு ஆசைப்பட யாருக்குத்தான் துணிவு வரும்? ஆனால் நான் போன இடமெல்லாம், வங்கியானாலும் சரி, கண்காட்சியில் ஒரு மேசையானாலும் சரி, பதிவுப் பத்திரத்தின் பிரதியைத்தான் முதலில் கேட்டார்கள். தனிநபர் வியாபாரமென்றால் அதைப் பிரதேச செயலகத்திலேயே கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு செய்துகொள்ளலாம், செலவும் பெரிதில்லை. உணவுப் பொருள் என்பதால் எனக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் தேவைப்பட்டன. அந்த அனுமதிப்பத்திரம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். அரவை ஆலையின் அளவைப் பொறுத்துச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கேட்கப்படலாம். இதைக் கொட்டில் போட முன்னரே விசாரித்தால், அயல்வீட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் விடவேண்டிய தூரத்தைப் பார்த்துக் கொட்டிலைப் போடலாம்.

பயிற்சியைப் பற்றி நல்லதையே சொல்வேன். உணவு பதனிடல் பயிற்சியை இலவசமாகப் பெற்றேன். அங்கே எனக்கு மாவைப் பற்றிச் சொன்னவற்றில் அம்மாவுக்குத் தெரியாதது அதிகம் இல்லை. ஆனால் விறகு, மின்சாரம், பை, அதில் ஒட்டும் சுட்டுத்துண்டு, என்னுடைய சொந்த உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிலோ மாவின் அடக்கவிலையைக் கணக்கிட அங்கேதான் பழகினேன். கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கும், எங்கள் வீட்டு அடுப்பு ஒரு செலவு என்பது அதுவரை தோன்றவில்லை. சுட்டுத்துண்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி ஆகியன இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லித் தந்தார்கள். அச்சடித்த பின்னர் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளை எரித்ததை நான் பார்த்தேன்.

இனிக் கடன். அரசாங்கம் குறைந்த வட்டிக் கடன் என்று அறிவிக்கும்போது பணத்தைக் கொடுப்பது அமைச்சு அல்ல, வங்கி. வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்றாலும், திருப்பிக் கட்டாவிட்டால் நட்டம் தனக்கே என்பதால் வங்கி தன்னுடைய வழக்கமான விதிகளையே பார்க்கும். 2022இன் கடைசியில் சாதாரண வங்கிக்கடனின் வட்டி 30 சதவீதத்தை எட்டிக்கொண்டிருந்தது. சலுகைக் கடனைத் தவிர வேறெதையும் என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. நான் போன வங்கியில் முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். "தங்கச்சி, உங்கட திட்ட அறிக்கை வடிவா இருக்கு. ஆனா பிணைக்கு என்ன செய்யப் போறியள்?" என்றார். எங்களுடையது, வன்னியில் பெரும்பாலானோருடையதைப் போல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேர்மிற் காணி, அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் காணி. உறுதிக்காணியைப் போல அதை விரும்பியபடி ஈடுவைக்கவோ விற்கவோ முடியாது, வங்கியும் அதைப் பிணையாக ஏற்கத் தயங்கும். இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியில் இருந்துகொண்டு ஒரு பரப்புக்கூட இல்லாதவரைப் போல அவர் முன்னால் நான் அமர்ந்திருந்தேன். அந்த அவமானம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

காணி இல்லையென்றால் நிரந்தர நியமனத்தில் உள்ள இரண்டு அரச உத்தியோகத்தர்கள் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு மைத்துனருக்கோ மச்சாளுக்கோ கையெழுத்துப் போட்டு, அவர்களில் சிலர் வேறொருவரின் கடனைத் தம் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டபோது எனக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர் தம் சம்பளச் சீட்டையே எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் வேறெவரிடமும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு வங்கி கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்தது, கிரிப் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வேலை போன பின்னர் என்னுடைய மோட்டார் சைக்கிள் லீசிங் தவணைகள் சில பிந்தியிருந்தன, அவை அங்கே அப்படியே இருந்தன. அந்தப் பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. நிறுவனங்கள் அனுப்பும் விவரத்தை வைத்திருக்கிறது, முடிவெடுப்பது வங்கி. ஆகவே கடனுக்கு விண்ணப்பிக்க முன்னர் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், தனிநபர் கேட்டால் கொடுப்பார்கள். நிலுவையைக் கட்டி, அது கட்டப்பட்டதற்கான கடிதத்தையும் வாங்கி, அடுத்த அறிக்கையில் மாறியிருக்கிறதா என்று பார்த்த பின்னர் வங்கிக்குப் போங்கள்.

இந்த இடைவெளியில்தான் நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார்கள். பிணை வேண்டாம், காணி வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்பார்கள். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய அந்தக் கடன் எங்கள் பக்கத்தில் என்ன செய்தது என்பதை எழுத வேண்டியதில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் கட்ட முடியாமல் வைத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது என்பதே போதும். மா விற்கிற காசு கடைக்காரரிடமிருந்து மாதக் கடைசியில் வரும், தவணையோ ஒவ்வொரு கிழமையும் வரும். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பதிலாகத் தம் காப்பை அரச வங்கியில் அடகு வைத்துத் தந்தார். நகை அடகின் வட்டியும் குறைவில்லை, ஆனாலும் அந்தக் கடன் எவரையும் வாசலுக்கு அனுப்பாது.

கடன் கைவிட்டபோது உபகரண உதவிக்கு என் பெயர் தெரிவாகியிருப்பதாக அழைப்பு வந்தது. 2023ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அந்தக் காலத்தில் எனக்கு அரவை இயந்திரத்தைவிட நெல் வாங்கப் பணம்தான் தேவைப்பட்டது. காலபோக வெட்டு முடிந்த மாசி பங்குனியில் வீதியெல்லாம் நெல் காய்ந்தது, கமக்காரர் வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பணமாகத் தர முடியாதா என்று கேட்டேன். இத்தகைய உதவிகள் பொருளாகவே வழங்கப்படும், திணைக்களம் விலைமனுக் கோரி வழங்குநரிடமிருந்து வாங்கித் தரும், பயனாளி தம் பங்களிப்பைக் காட்ட வேண்டும் என்றார்கள். என் பங்களிப்பு கொட்டில். சீமெந்துத் தரையும் தகரக் கூரையுமாக 110,000 ரூபாவுக்கு அதைப் போட்டேன். போட்டால்தான் கோப்பு நகரும் என்றார்கள், ஆகவே நெல்லுக்கு வைத்திருந்த பணம் தரையாயிற்று.

அதன் பின்னர் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "கட்டுநிதி இன்னும் வரேல்லைப் பிள்ளை." இதன் பொருளைப் பிற்பாடு ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர் எனக்கு விளக்கினார். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆண்டின் முற்பகுதி திட்டத் தெரிவிலும் அங்கீகாரத்திலும் போய்விடும், பிறகு திறைசேரி அதற்கான பணத்தை, அதாவது கட்டுநிதியை, சிறிது சிறிதாக விடுவிக்கும், விலைமனுக்கள் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் கோரப்படும். டிசம்பர் 31க்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்பதால் ஆண்டின் கடைசியில் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும். வன்னியின் ஆண்டோ வேறு. எங்களுக்கு நெல் மலிவது மாசி பங்குனியில், மாவுக்குக் கேள்வி கூடுவது தைப்பொங்கலையும் சித்திரை வருடப்பிறப்பையும் ஒட்டி. கார்த்திகை மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால் ஊறவைத்த அரிசியை உலர்த்த வெயிலும் இல்லை, வறுக்க உலர்ந்த விறகும் இல்லை. இயந்திரம் எனக்கு வந்தது மார்கழியில், அடை மழைக்குள், ஒப்படைப்பு நிகழ்வில் குடையின் கீழ் நின்று படமும் எடுத்தோம். மாசியில் கிலோ 90 ரூபாவுக்கு வாங்கியிருக்கக்கூடிய நெல்லை அப்போது 120 ரூபாவுக்கு வாங்கினேன். உதவி தாமதமானது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது தாமதம் என்று படவில்லை. அது தன்னுடைய நாட்காட்டியின்படி சரியாகத்தான் வந்தது, அந்த நாட்காட்டியில் வெட்டுக்காலம் என்று ஒன்று இல்லை. விண்ணப்பிப்பவர் தம் முதல் வெட்டுக்காலத்தை அரச உதவியைக் கணக்கில் எடுக்காமல் திட்டமிட வேண்டும். கைமுதல் இருந்தால் அதை நெல்லிலோ மிளகாயிலோ போட்டு, வெளியில் கூலிக்கு அரைப்பித்து விற்றுக்கொண்டிருக்க வேண்டும். பங்களிப்பாகக் கட்டடம் கேட்டால், விலைமனுக் கோரப்பட்டுவிட்டதா என்று கேட்டுத் தெரிந்த பின்னரே முழுமையாகக் கட்டுங்கள், அதுவரை அத்திவாரம் போதும்.

இயந்திரம் வந்த அன்று மாலையே அதைப் பொருத்த வந்த மின்னியலாளர் மோட்டாரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது த்ரீ பேஸ் மோட்டர், உங்கட வீட்டுக்கு சிங்கிள் பேஸ் தானே" என்றார். ஐந்து குதிரைவலு மோட்டார் அது, எங்கள் வீட்டு மின்னிணைப்பில் ஓடாது. விவரக்குறிப்பை எழுதியவர் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருந்தார், எவருடைய வீட்டின் மின்னிணைப்பையும் எவரும் கேட்டிருக்கவில்லை. த்ரீ பேஸ் இணைப்பு எடுக்கலாம் என்றாலும், எங்கள் ஒழுங்கை வரை கம்பமும் கம்பியும் இழுக்கும் மதிப்பீடு இயந்திரத்தின் விலையை நெருங்கியது. போதாதற்கு 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பெரிதாக உயர்ந்திருந்தது. அன்றிரவு நான் அழுதேன். உதவியே கிடைக்காதிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. கடைசியில் மூன்று குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்றை 62,000 ரூபாவுக்கு வாங்கிப் பொருத்தினோம். அரைபடும் வேகம் குறைந்தது, ஆனால் அரைபட்டது. தெரிவுக் கூட்டத்திலேயே எழுந்து நின்று, மின்னிணைப்பு என்ன வகை, குதிரைவலு எவ்வளவு, உத்தரவாதம் யாரிடம், உதிரிப்பாகம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பவரின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. அதன் பின்னர் நான் கேள்வி கேட்டே வருகிறேன், எவரும் வெட்டவில்லை.

விற்பனையில் அரசாங்கம் செய்யக்கூடியது குறைவு, ஆனால் ஒன்றை நன்றாகச் செய்கிறது. மாவட்ட செயலகமும் பிரதேச செயலகமும் நடத்தும் கண்காட்சிகளில் இலவசமாக அல்லது சிறு கட்டணத்துக்கு மேசை தருவார்கள். பண்டிகைக்கு முன்னர் நடக்கும் கண்காட்சியில் ஒரு நாளில் விற்றதை ஊர்க்கடைகளில் விற்க மாதம் பிடிக்கும், அதுவும் கைக்காசு. அங்கே வாங்கிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இன்றுவரை பேருந்தில் பொதி அனுப்புவித்து வாங்குகிறார். கடைகளுக்குக் கடனாகப் போட்டதில் எனக்கு இன்னும் 38,000 ரூபா வர வேண்டியிருக்கிறது. இப்போது புதிய கடைக்கு முதல் பொதியைக் கைக்காசுக்கே கொடுக்கிறேன், முந்தியதற்குக் காசு வந்தால்தான் அடுத்த பொதி போகும். இரண்டு கடைக்காரர்கள் இதனால் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் பழகிவிட்டார்கள்.

அந்த ஐந்து குதிரைவலு மோட்டார் சாக்கால் மூடப்பட்டுக் கொட்டிலின் மூலையில் இருக்கிறது. மரம் அரியும் அண்ணை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். ஆனால் உதவியாகப் பெற்ற பொருளைக் குறித்த காலம்வரை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்ற உடன்படிக்கையில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன், மேற்பார்வைக்கு வருபவர்கள் இயந்திரத்தின் இலக்கத்தைப் பார்ப்பார்கள். ஆகவே மோட்டாரை மாற்றியதன் காரணத்தையும் பழையதை விற்பதற்கான அனுமதிக் கோரிக்கையையும் எழுதி, மின்னியலாளரின் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பங்குனிக்கு முன்னர் அனுமதி கிடைத்தால் அந்தப் பணம் நெல்லாகும், அதற்குப் பின்னரென்றால் அடுத்த வெட்டுவரை வங்கியில் கிடக்கட்டும் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.